முகூர்த்தம் இல்லாத மாதங்கள்

தூக்கிய கால் இன்னும் காற்றில்தான் நிற்கிறது, இடது கால், கொலுசை மேலே ஏற்றி ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருக்கிறாள், ஓடும்போது இடைஞ்சலாம், வலது கால் ஸ்கேட்போர்டின் வால்மேல் ஊன்றியிருக்கிறது, போர்டின் முன்பாதி எதையும் பிடிக்காமல் வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதற்குக் கீழே பலகை சரேலென்று வளைந்து இறங்குகிறது, அந்தக் கால் முன்சக்கரங்களின் மேல் வந்து ஓங்கி மிதிக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி, மிதித்துவிட்டால் மிச்சத்தைப் போர்டு பார்த்துக்கொள்ளும், மிதிக்கும்போது யோசித்தால் ஆள் மல்லாக்க விழவேண்டியதுதான், இவ்வளவும் தெரிந்த கால்தான் அது, ஆனாலும் குமுதவல்லி இறங்கவில்லை, கீழே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எத்திராஜ் நிற்கிறான், இறங்கு குமுதா, நான் இருக்கேன்ல, இறங்கு என்கிறான், தெருவிலிருந்து போகிப் புகை வந்து கண்ணில் கரிக்கிறது, கசக்குகிற நேரத்தில் அவள் இறங்கிவிட்டால் பார்க்காமல் போய்விடுவோமே என்று கசக்காமலேயே நிற்கிறான்.

இல்லை, அது இருபது வருஷத்துக்கு முந்தைய போகி, இந்தப் போகியில் பலகை கிடையாது, சிமெண்டு, ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் முள்ளும் உடைந்த பாட்டிலுமாகக் கிடந்த இடத்தைப் பஞ்சாயத்துக்கு நடையாய் நடந்து கேட்டு வாங்கி, மழை விட்டதும் ஆரம்பித்து, உச்சியில் இரும்புக் குழாய் பதித்து எத்திராஜ் கட்டிய ரேம்ப், ஸ்கேட்டிங் வளைவு, அந்தக் குழாய்மேல்தான் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறான், நாற்பதை நெருங்குகிற ஆள், ஸ்கேட்டிங்கே தொழில், எந்தெந்த நாட்டுக்கோ போட்டிக்குப் போய் வந்தவன், அவன் பெயரை அச்சடித்து ஒரு கம்பெனி போர்டு விற்கிறது, பெண் கொடுக்க வந்தவர்கள் அதெல்லாம் சரிப்பா, வேலை இன்னா வேலை என்று கேட்டுவிட்டு காபியைக் குடித்துக் கிளம்பிப் போன கதையும் உண்டு, அதற்காக அவன் தாடி வளர்த்ததாக யாரும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் ஒரு நீல டிரம்மில் போர்டுகள் நிற்கும், குப்பத்துப் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு ஓடலாம், இருட்டுவதற்குள் திரும்ப வைத்துவிட வேண்டும், ஷூ பிய்ந்தால் ஷூ, முட்டி பிய்ந்தால் மருந்து, கேட்டால் கிடைக்கும். அந்தப் பிள்ளைகள்தான் இப்போது ரேம்பைச் சுற்றி நிற்கிறார்கள், சிமெண்டு எப்போதோ இறுகிவிட்டது, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி நனைத்ததே அவர்கள்தான், இன்னும் ஒரு சக்கரம் அதன்மேல் படவில்லை. ண்ணா, எப்பண்ணா இறங்கறது என்கிறாள் ரக்ஷிதா, ஐஸ் உடைப்பவரின் மகள், வாய் ஓயாதவள், இரு, வந்துரட்டும் என்கிறான், யாருண்ணா வரணும், கலெக்டரா என்கிறாள், மற்றதுகள் எல்லாம் கொல்லென்று சிரிக்கின்றன.

வருகிறேன் என்று குமுதாவும் சொல்லவில்லை, போனில் கூப்பிட்டபோது, போகிக்காடா வைப்ப, தை முகூர்த்தத்துக்கு லோடு ஏத்துற நாளுடா அது, உனக்குத் தெரியாதா, பாக்கறேன், வந்தா வந்தேன் என்றாள். தெரியும், தெரிந்துதான் வைத்தான், விட்ட இடத்திலிருந்துதானே பிடிக்க முடியும், அவள் வராமல் பொழுது சாய்ந்துவிட்டால் பிள்ளைகளுக்காக அவனே முதலில் இறங்கித் திறந்துவைக்க வேண்டியதுதான், அப்படிச் செய்துவிட்டால் இருபது வருஷமாகக் காற்றில் நிற்கிற அந்தக் கால் அப்படியே நின்றுபோகும், அந்தக் கால் ஒரு தடவை கீழே வரவேண்டும், அதைப் பார்க்க வேண்டும், இவ்வளவு சிமெண்டும் கம்பியும் உள்ளுக்குள் அதற்காகத்தான், இதை யாரிடம் சொல்வது, ரக்ஷிதாவிடமா.

ஊரெல்லாம் முகூர்த்தம் இல்லையே என்று உச்சுக்கொட்டுகிற ஆடியும் மார்கழியும்தான் அவர்களுக்கு விளையாட்டுக் காலம், குமுதாவின் அப்பா பந்தல் சாரங்கபாணி, கடற்கரைச் சாலை ஓரத்தில் அவருடைய கொட்டகை, கல்யாண மேடைப் பலகை, மரப்பத்தை, சோடனைக்கான மெல்லிய ப்ளைவுட் எல்லாம் அந்த இரண்டு மாதமும் அடுக்கிச் சும்மா கிடக்கும், அலையில் விளையாட வந்த வெள்ளைக்காரன் ஒருவன் முன்நுனி உடைந்த ஸ்கேட்போர்டு ஒன்றை டீக்கடையில் விட்டுவிட்டுப் போக, டீக்கடைக்காரர் அதன்மேல் பால் கேனை வைத்துத் தள்ளிக்கொண்டிருக்க, ஒரு கோடை முழுக்க கிளாஸ் கழுவி எத்திராஜ் அதை வாங்கினான், ஒரே போர்டு, இரண்டு பேர், ஒருத்தர் ஏறினால் மற்றவர் பக்கத்திலேயே மூச்சிரைக்க ஓடிவர வேண்டும், போர்டு ரோட்டுக்குப் போய் லாரியில் மாட்டிவிடாமல் பிடிப்பதற்கு, பார்க்கப்போனால் அவன் பாதி நேரம் ஓடியது காலால்தான், ஏனென்றால் ஏறினால் அவள் சீக்கிரத்தில் இறங்கமாட்டாள், அவனைவிட நன்றாக ஓட்டினாள், இதை அவன் இன்றைக்கும் மறைப்பதில்லை. சாரங்கபாணிக்கு எல்லாம் தெரியும், தெரியாதவர் மாதிரி இருப்பார், அடுக்கி வெச்சு உளுத்துப்போறதுக்கு வெயில்ல காயட்டும், ஆனா பாப்பா, ஆடியோட ஆடி, மார்கழியோட மார்கழி, ஆவணியும் தையும் பொறக்கறதுக்குள்ள ஒரு ஆணி பாக்கியில்லாம அடுக்கியிருக்கணும், கல்யாணப் பலகைம்மா அது என்பார். அவள் அம்மாதான், ஊர்ப் பொண்ணுங்க எல்லாம் மார்கழியில கோலம் போடுதுங்க, இது பலகை போடுது பாரு என்று தலையில் அடித்துக்கொள்வாள், ஆடியில் இன்னொரு தொல்லை, எதிர்க்காற்று, வளைவில் வேகமாக ஏறுகிறவனை நெஞ்சில் கைவைத்து நிறுத்திவிடும், ஆடிக்காற்றில் ஓட்டிப் பழகியதால்தான் பிற்பாடு எந்த ஊர்க் காற்றும் அவனை அசைக்கவில்லை.

முதல் வளைவை வரைந்தது குமுதா, கல்யாண வாசலுக்கு அலங்கார வளைவு வெட்டும்போது அப்பா செய்வதைப் பார்த்திருந்தாள், தரையில் ஒரு ஆணி, ஆணியில் கயிறு, கயிற்று நுனியில் கரித்துண்டு, இழுத்துப்பிடித்துச் சுற்றினால் வட்டம் தானாக வரும், கயிறு எவ்வளவு நீளம் என்பதில்தான் சமாச்சாரம், குட்டையானால் வளைவு செங்குத்தாகிப் பல்லைப் பேர்த்துவிடும், ரொம்ப நீளமானால் படுத்த பாய் மாதிரி ஆகிவிடும், இருடா என்று அவள் நேராக நின்று வலது கையைத் தலைக்குமேல் தூக்கினாள், என் கால்லேருந்து கை வரைக்கும் அள, போதும் என்றாள். எத்திராஜ் மண்டிபோட்டு அவன் அப்பாவின் வலைக்கயிற்று நுனியை அவளுடைய பெருவிரலுக்கடியில் செருகினான், பிறகு எழுந்து எட்டி நடுவிரல் நுனியில் கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டான், அவ்வளவு பக்கத்தில் அதற்கு முன் நின்றதில்லை, வேர்வை வாசனையும் சிரசில் சீயக்காய் வாசனையும், அவளுக்குப் பதினைந்து வயது, அவனுக்கும் அதேதான், முடிச்சை ஒரு தரம் போட்டால் போதாதா, அவன் மூன்று தரம் போட்டான், கை நோவுதுடா சீக்கிரம் என்றாள். கழித்துப் போட்ட சோடனைப் பலகையில் கோடு போட்டு அறுத்து, பக்கச் சட்டமாக நிறுத்தி, குறுக்கே பத்தை அடித்து, மேலே ப்ளைவுட் விரித்தார்கள், இடுப்பு உயரத்துக்கு ஒரு சின்ன வளைவு, ஏறப் போனவனைத் தள்ளிவிட்டு அவள் சொன்னதுதான் சட்டமாயிற்று, கோடு நான் போட்டேன், அதனால முதல்ல நான்தான் இறங்குவேன், கோடு போட்டவங்க இறங்காம ஒருத்தரும் இறங்கக்கூடாது. இன்றைக்கும் எத்திராஜ் போய் ரேம்ப் கட்டுகிற ஊரிலெல்லாம் பிள்ளைகள் இந்தச் சட்டத்தைச் சொல்கிறார்கள், எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

பிறகு ஒவ்வொரு ஆடியிலும் ஒவ்வொரு மார்கழியிலும் கயிறு அதேதான், வளைவு மட்டும் உயர்ந்துகொண்டே போனது, இடுப்பு மார்பாயிற்று, மார்பு தோளாயிற்று, கடைசி மார்கழியில் அவர்களுடைய தலைக்கே மேலே போய்விட்டது, அவ்வளவு பலகையும் பிடித்தது, ஓரங்களில் போர்டு வழுக்கிச் செல்ல மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் தேய்த்துக் கையே மழமழவென்று ஆகிவிட்டது, அடித்து முடிக்கவே மாதம் போய்விட்டது, மிஞ்சியது போகி ஒரு நாள், கோடு போட்டவள் ஏறினாள், வாலை ஊன்றினாள், காலைத் தூக்கினாள், மேலேயிருந்து பார்த்தா வேற மாதிரி இருக்குடா என்றாள், குரல் கொஞ்சம் நடுங்கியது, எதற்கும் பயப்படாதவள் பயப்படுகிறாளே என்று அவன் இரண்டு கையையும் நீட்டினான், இறங்கு குமுதா, நான் இருக்கேன்ல, அப்போது டெம்போ ஹாரன் அடித்தது. சாரங்கபாணி, கூட இரண்டு ஆட்கள், பாப்பா, நாளைக்கு தை பொறக்குது, மொத முகூர்த்தத்துக்கே ஆர்டர், எறங்கும்மா என்றார், அவர் சொன்னது படியால் இறங்கச் சொல்லித்தான், அவள் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள், படியால் இறங்கினாள், சுத்தியலைத் திருப்பிப் பிடித்து முதல் ஆணியைப் பிடுங்கியதும் அவள்தான். ஒரு தடவைகூட யாரும் இறங்காத வளைவு பலகை பலகையாக டெம்போவில் ஏறிப் போனது, மூஞ்சைத் தூக்காதடா, அடுத்த ஆடிக்கு இறங்கறேன், இது என் வளைவு, நான் இல்லாம யாரும் தொடக்கூடாது என்றாள்.

ஆடி வந்தது, அதற்கு முன்னால் வைகாசி வந்துவிட்டது. மாப்பிள்ளை திருக்கழுக்குன்றம், சபாபதி, சீரியல் லைட்டும் மைக்செட்டும் வைத்திருப்பவர், பந்தலுக்கு லைட்டு அமைந்துவிட்டது என்று ஊரே கேலி பேசியது, எத்திராஜும் கூடச் சேர்ந்து சிரித்தான், சொல்லியிருக்கலாம், எப்படிச் சொல்வது, ஆடியில் பலகை வந்ததும் ஏதாவது ஒரு சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தான், மடையன். கல்யாண மேடை யாருடைய பலகையில், சாரங்கபாணி பலகையில்தான், மெழுகைச் சுரண்டவேண்டும் என்று எத்திராஜுக்கும் தோன்றவில்லை, குமுதாவுக்கும் தோன்றவில்லை, மேலே சிவப்புக் கம்பளம் விரித்துவிட்டார்கள், தாலி கட்டி முடிந்து மணவறையைச் சுற்றி வருகையில் மாப்பிள்ளையின் காலடியில் கம்பளம் பலகையைவிட்டு வழுக்கியது, பட்டுவேட்டியும் மாலையுமாக மனிதர் அப்படியே பின்னால் சாய, கோத்திருந்த விரலோடு அவளையும் இழுக்க, ஐயோ என்று கூட்டம் எழுந்திருக்க, குமுதா சட்டென்று இரண்டு முட்டியையும் மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, இடது தோளை முன்னால் கொடுத்து நின்றாள், கூறைப்புடவைக்குள் அவள் எப்படி நின்றாள் என்று அந்த மண்டபத்தில் ஒருவனுக்குத்தான் புரிந்தது, கம்பளம் ஒரு முழம் ஓடி நின்றது, அவளும் நின்றாள், அவரையும் நிறுத்தினாள். பொண்ணு கெட்டிடா என்றார்கள். அவள் தலையை நிமிர்த்திக் கடைசி வரிசையில் அவனைத் தேடிப்பிடித்துப் பார்த்தாள், உடனே தலையைக் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது, வெட்கப்படுறா பாரு என்றார்கள் பெண்கள், அவனுக்குத் தெரியும், அவள் சிரிப்பை அடக்குகிறாள், அவனும் சிரித்தான், சிரித்துக்கொண்டே வெளியே வந்து செருப்பைத் தேடியபோது அழுகை வந்துவிட்டது, செருப்பைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தான்.

கழித்த பலகை என்பதால் டெம்போவில் ஏறாத பக்கச் சட்டங்கள் அவன் வீட்டுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தன, அடுத்த போகியில் அம்மா பழசு கழியட்டும் என்று கிழிந்த பாயோடு அவற்றையும் இழுத்துப்போட்டுக் கொளுத்திவிட்டாள், அவன் போட்டிக்கென்று முதல்முறையாகப் பெங்களூர் போயிருந்தான், வந்து பார்த்தால் சாம்பல், ஆணியில் மாட்டியிருந்த கயிறு மட்டும் தப்பித்தது. அதற்கப்புறம் எத்தனை ஊர், எத்தனை ரேம்ப், குளிரில் சிமெண்டு இறுகாத மலையூர், மணல் கிடைக்காத ஊர், எங்கே போனாலும் பையில் அந்தப் பச்சை வலைக்கயிறு, முடிச்சுக்கும் நுனிக்கும் நடுவே ஒரு பதினைந்து வயதுப் பெண் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், அதை வைத்துத்தான் கோடு போடுவான், நல்ல வளைவாக இருக்கிறதே, என்ன அளவு என்று வெளிநாட்டுக்காரர்கள் டேப்பை எடுத்துக்கொண்டு வருவார்கள், எங்க ஊர் அளவு என்று சொல்லிவிடுவான், கோடு போட்டவன் என்ற முறையில் முதலில் இறங்குவதும் அவன்தான், இறங்கும் ஒவ்வொரு தடவையும் இது என் முறை இல்லை என்று ஒரு நொடி தோன்றும், அந்த நொடியைச் சக்கரச் சத்தத்தில் கரைத்துவிடுவான். ஆனால் இந்த ஊரில், தலைக்குமேல் உயர்ந்த இந்த வளைவில், அது முடியாது, இது அவள் பாதியில் விட்டுப் போனது.

ண்ணா, பொழுது போவுதுண்ணா, நாங்க கெழமாயிருவோம் போல என்கிறாள் ரக்ஷிதா, கடல்பக்கம் வெயில் மஞ்சளாகிவிட்டது, போகி மேளம் தட்டிக்கொண்டு ஓடுகிற சின்னப் பிள்ளைகளின் சத்தம், குப்பத்தில் எங்கோ டயரைக் கொளுத்திவிட்டார்கள், கறுப்புப் புகை, கண் கரிக்கிறது, சரி, வரமாட்டாள், அவளுக்கு ஆயிரம் ஜோலி, எழுந்து போர்டின் வாலைக் குழாயின்மேல் வைக்கப் போகிறான், அப்போது டெம்போ ஹாரன் அடித்தது. அன்றைக்குக் கேட்ட ஹாரன்தானோ என்று திரும்பினான், இல்லை, புது டெம்போ, சவுக்குக் கம்பும் பலகையும் மலையாக ஏற்றியிருக்கிறது, ஓட்டி வந்தது சபாபதி, தலை நரைத்துத் தொந்தி போட்டிருக்கிறார், இந்தப் பக்கம் குதித்தது குமுதா, சுடிதார்மேல் கணவருடைய பழைய சட்டை, காதில் பென்சில், வந்தவள் அவனைப் பார்க்கவில்லை, வளைவைத்தான் பார்த்தாள், கீழேயிருந்து மேலே, மேலேயிருந்து கீழே, பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், பிறகு, கயிறு இருக்காடா என்றாள்.

படியில் தடதடவென்று இறங்கிப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான், அவள் நேராக நின்று கயிற்றின் நுனியைப் பெருவிரலால் மிதித்து வலது கையைத் தலைக்குமேல் தூக்கினாள், முடிச்சு விரல் நுனிக்கு வரவில்லை, நாலு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது, எத்திராஜ் இழுத்துப் பார்த்தான், கயிறு சுருங்கிருச்சு போல என்றான், வலைக்கயிறு எங்கடா சுருங்கும் என்று அவள் சிரித்தாள், இதை அளந்தப்ப எனக்குப் பதினஞ்சு வயசு, நான் அப்புறம் வளந்தேன்டா, உன் கயிறுதான் அங்கயே நின்னுக்கினு இருக்கு. இத்தனை வருஷம் அவன் ஊர் ஊராகத் தூக்கிச் சுமந்தவள் இவளைவிட நாலு விரல் குட்டை. அவள் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள், பந்தல்காரர்கள் நகத்தை நம்பமாட்டார்கள், ஏங்க, பின்னால கம்பு ஆடுதுன்னீங்களே, இதை வெச்சுக் கட்டுங்க என்று சபாபதியிடம் எறிந்தாள், அவர் பிடித்து இறுக்கிக் கட்டிவிட்டார். இனிமே நான் எதை வெச்சு அளப்பேன் என்று எத்திராஜ் கேட்டான், கேட்கும்போதே குரல் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது, இதோ நிக்குதுங்களே இத்தனை, எதையாவது கையைத் தூக்கச் சொல்லி அள, ஏ பாப்பா, உன் ஷூவைக் கழட்டு என்றாள் ரக்ஷிதாவிடம்.

அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு அவளும் எத்திராஜும் மேலே ஏறினார்கள், ஹெல்மெட்டை அவன் மாட்டிவிட்டான், பொட்டு கலைஞ்சிரும்டா என்றாள், வாலை ஊன்றினாள், வலது கால் அதன்மேல், இடது காலைத் தூக்கினாள், கொலுசு இல்லை, சபாபதி டெம்போ கதவைப் பிடித்துக்கொண்டு, ஏம்மா, தை பொறந்தா மொத முகூர்த்தம் நம்மது, ஞாபகம் வெச்சுக்க என்றார், அவருக்கு அவ்வளவுதான் கவலை, எத்திராஜ் கண்ணை விரித்து நின்றான், மேலேயிருந்து பார்த்தா அதே மாதிரிதான்டா இருக்கு என்று சொல்லிக்கொண்டே அவள் மிதித்தாள். மிதித்தாள், ஆனால் யோசித்துக்கொண்டே மிதித்தாள், போர்டு முன்னால் பறந்தது, ஆள் பின்னால் விழுந்து, உட்கார்ந்த வாக்கில் வளைவு முழுக்கச் சறுக்கி, கீழே போய் மல்லாந்தாள். படுத்தபடியே கையைத் தூக்கினாள், இடுப்பு போச்சு, ஆனா எறங்கிட்டேன்ல, எப்படி எறங்கினா இன்னா, எறங்கினது எறங்கினதுதான், போங்க பசங்களா என்றாள், அவ்வளவுதான், அடைத்து வைத்திருந்த கூட்டம் கத்திக்கொண்டு நாலு பக்கத்திலிருந்தும் வளைவுக்குள் பாய்ந்தது, ரக்ஷிதா வெறுங்காலோடேயே இறங்கினாள்.

உச்சியில் எத்திராஜ் மட்டும் நின்றான், தன் போர்டை வைத்தான், வாலை ஊன்றினான், காலைத் தூக்கினான், எத்தனை ஆயிரம் தடவை செய்ததோ, கால் இறங்கவில்லை, பயமா என்றால் பயம்தான், விழுந்துவிடுவோம் என்றல்ல, இதை மிதித்துவிட்டால் அப்புறம் எதிர்பார்த்துக்கொண்டிருக்க ஒன்றும் இருக்காது, காற்றில் நின்றது இத்தனை நாளும் அவள் கால் இல்லை, அவள் அன்றைக்கே எடுத்துக்கொண்டு படியால் இறங்கிப் போய்விட்டாள், நின்றது இந்தக் கால்தான். கீழே குமுதா இடுப்பைத் தேய்த்துக்கொண்டு எழுந்தாள், நிமிர்ந்து பார்த்தாள், டேய், இன்னாடா சாம்பியன் நீ, அங்கயே நிக்கற, சீக்கிரம், எனக்கு லோடு இருக்கு, இறங்கு எத்திராஜு, நான் இருக்கேன்ல என்று இரண்டு கையையும் நீட்டினாள். போகிப் புகை வந்து கண்ணில் கரித்தது, இந்தத் தடவை அவன் நன்றாகக் கசக்கிக்கொண்டான், பிறகு மிதித்தான்.